புது போர்டில் விண்டோஸ் 7 போடுவது: எந்த இடத்தில் நிற்கும், ஏன் நிற்கும்

பட்டறையில் ஒரு சிஎன்சி இயந்திரம். ஆய்வகத்தில் ஒரு ஸ்பெக்ட்ரோமீட்டர். எம்பிராய்டரி மெஷினுக்கு டிசைன் அனுப்பும் ஒரு மென்பொருள். இயந்திரம் இன்னும் பல வருடம் உழைக்கும் நிலையில் இருக்கும். அதனோடு பேசிக்கொண்டிருந்த கணினியின் மதர்போர்டு போய்விடும். இயந்திரத்தின் டிரைவர் விண்டோஸ் 7-க்கு மேல் வரவில்லை. கடையில் கிடைப்பதோ புது போர்டு. விண்டோஸ் 7 தேவைப்படுகிறவர்கள் பெரும்பாலும் இந்த நிலையில்தான் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் “பத்துக்கு மாறுங்கள், பதினொன்றுக்கு மாறுங்கள்” என்று சொல்வதில் பயனில்லை. மாறவே முடியாதவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

வெறும் மென்பொருள்தான் பழையது, வெளிக்கருவி எதுவும் இல்லை என்றால் இத்தனை பாடு வேண்டாம். கணினிக்குள் இன்னொரு கணினியைப் போலியாக ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸிலோ விஎம்வேரிலோ விண்டோஸ் 7 போட்டுக்கொள்ளுங்கள். மென்பொருளின் உரிமச் சாவியாகச் செருகும் யுஎஸ்பி டாங்கிள்களைக்கூடப் பெரும்பாலும் அதற்குள் கொடுத்துவிடலாம். போர்டில் நேரடியாகப் போட்டே ஆக வேண்டும் என்பவர்கள் மேலே படியுங்கள்.

விண்டோஸ் 7 வெளிவந்தது 2009 அக்டோபர் 22. சர்வீஸ் பேக் 1 வந்தது 2011 பிப்ரவரியில். அதை நிறுவும் டிஸ்க்குக்கு அன்று இருந்த வன்பொருள் மட்டும்தான் தெரியும். யுஎஸ்பி 3 கண்ட்ரோலருக்கு அதில் டிரைவர் இல்லை, என்விஎம்இ என்ற புது வகை எஸ்எஸ்டிக்கும் இல்லை, டிரைவர்களும் அப்டேட்டுகளும் அசல்தான் என்று காட்டும் எஸ்எச்ஏ-2 டிஜிட்டல் கையொப்பத்தையும் முழுமையாகப் புரிந்துகொள்ளாது. கணினி எழுந்து டெஸ்க்டாப் வருவதற்குள் நான்கு கைமாற்றம் நடக்கிறது. போர்டிலேயே பதிந்திருக்கும் பயாஸ், விண்டோஸை எழுப்பும் பூட் மேனேஜரிடம் கொடுக்கிறது, பூட் மேனேஜர் நிறுவும் சூழலை ஏற்றுகிறது, அடுத்து வட்டிலிருந்து முதல் பூட், கடைசியாக டெஸ்க்டாப். ஒவ்வொரு கைமாற்றத்திலும் அந்தந்தக் கட்டத்துக்கான டிரைவர் அந்தந்த இடத்தில் இருந்தாக வேண்டும். எந்தக் கட்டத்தில் நின்றது என்று சரியாகப் பார்த்துவிட்டால், எது இல்லை என்பது தெரிந்துவிடும். அதைப் பார்க்காமல் டிஸ்க்கின் நகல் கோப்பான ஐஎஸ்ஓவை மாற்றி மாற்றி இறக்குவதில்தான் நாள் முழுக்கப் போய்விடுகிறது.

முதலில் போர்டு. வாங்கும் முன் இதைப் படிக்கிறீர்கள் என்றால் பாதி வேலை மிச்சம். இன்டெல்லில் ஆறாம் தலைமுறையான ஸ்கைலேக், அதாவது 2015-இல் வந்த 100 வரிசை சிப்செட், இந்த வேலைக்கு நல்ல எல்லை. எச்110 போர்டு, ஐ5-6500, 8 ஜிபி ரேம், 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி: இப்படி ஒரு சேர்க்கையில் எல்லாவற்றுக்கும் முறையான டிரைவர் உண்டு. எச்டி 530 கிராபிக்ஸுக்கு இன்டெல்லே விண்டோஸ் 7 டிரைவர் தந்திருக்கிறது. ஏழாம் தலைமுறைக்குப் போனால், 2017-இல் வந்த அப்டேட்டுகளுக்குப் பிறகு, “இந்தப் பிராசஸருக்கு ஆதரவில்லை” என்று சொல்லி விண்டோஸ் அப்டேட் நின்றுவிடும்; ரைசனிலும் அதே கதைதான். எட்டாம், ஒன்பதாம் தலைமுறைப் பிராசஸர்தான் கையில் இருக்கிறது என்றால் எச்310சி அல்லது பி365 சிப்செட் போர்டு பாருங்கள். அவை 300 வரிசைப் பெயரில் வந்தாலும் உள்ளே பழைய 22 நானோமீட்டர் சிப்செட்தான்; அதனால் 7-க்கான யுஎஸ்பி டிரைவர் அவற்றில் ஏறும். முதல் தலைமுறை ரைசனுக்கு ஏஎம்டி விண்டோஸ் 7 சிப்செட் டிரைவர் தந்தது. ஆனால் 2200ஜி, 2400ஜி போல உள்ளேயே கிராபிக்ஸ் உள்ளவற்றுக்குக் கிராபிக்ஸ் டிரைவர் தரவில்லை. தனி கார்டு வேண்டும்.

இன்டெல்லின் 500 வரிசை சிப்செட்டிலிருந்து இன்னொரு சுவர் இருக்கிறது. போர்டில் உள்ள கிராபிக்ஸை வைத்துக்கொண்டு சிஎஸ்எம் என்ற பழைய பூட் முறையைப் போட முடியாது. விண்டோஸ் 7-க்கு அது ஏன் தேவை என்பதைக் கீழே சொல்கிறேன். தனி கார்டு போட்டால் ஒருவழியாகப் போகலாம். என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 30 வரிசை வரை 7-க்கு டிரைவர் உண்டு, 40 வரிசைக்குக் கிடையாது. பன்னிரண்டாம் தலைமுறையிலிருந்து இரண்டு வகை கோர்கள் கலந்து வருவதும் 7-க்குத் தெரியாது. சிறிய கோர்களை பயாஸிலேயே அணைத்துவிட வேண்டியிருக்கும். முடியாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் தினமும் உற்பத்தி ஓட வேண்டிய இடத்துக்கு அப்படி ஒரு கணினியைப் பரிந்துரைக்கவும் மாட்டேன்.

நெட்வொர்க் சிப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். இன்டெல் ஐ219, ரியல்டெக் 8111 இரண்டுக்கும் டிரைவர் உண்டு. 2.5 கிகாபிட் சிப்களில் ரியல்டெக் 8125-க்கு உண்டு, இன்டெல் ஐ225-க்கு இல்லை. வைஃபையில் இன்டெல் 7265, 8265 சரி, ஏஎக்ஸ்200 வேண்டாம்.

அடுத்து 32 பிட்டா 64 பிட்டா. கருவியின் டிரைவர் 32 பிட்டில் மட்டும்தான் வந்தது என்றாலும், 16 பிட் நிரல் ஓட வேண்டும் என்றாலும் 32 பிட்தான் ஒரே வழி. அதை இந்த போர்டுகளில் யுஇஎஃப்ஐ என்ற புதிய பூட் முறையில் எழுப்ப முடியாது. சிஎஸ்எம் போட்டு, எம்பிஆர் என்ற பழைய பகிர்வு அமைப்பு கொண்ட வட்டில், பழைய முறையில்தான் போட வேண்டும். அந்த நிலையில் என்விஎம்இ-யை மறந்துவிட்டு சாட்டா எஸ்எஸ்டி வாங்குங்கள். 4 ஜிபிக்கு மேல் ரேம் போட்டும் பயனில்லை. 64 பிட்டிலும் பதிப்பைப் பொறுத்து ரேமுக்கு வரம்பு உண்டு: ஹோம் பேசிக் 8 ஜிபி, ஹோம் பிரீமியம் 16 ஜிபி, புரொஃபஷனலும் அல்டிமேட்டும் 192 ஜிபி.

இனி, பலரும் முதலில் முட்டிக்கொள்ளும் இடம். பென்டிரைவில் ஐஎஸ்ஓ எழுதி பூட் செய்கிறீர்கள். பயாஸில் கீபோர்டு நன்றாக வேலை செய்தது, பூட் மெனுவிலும் செய்தது. மொழி கேட்கும் நீலத் திரை வந்ததும் மவுஸ் அசையாது. கீபோர்டில் நம்லாக் விளக்கு அணைந்திருக்கும். வட்டத் துளையில் செருகும் பழைய பிஎஸ்2 கீபோர்டு வைத்து அதைத் தாண்டினாலும் அடுத்த திரையில் “தேவையான சிடி/டிவிடி டிரைவ் டிரைவர் இல்லை” என்று கேட்கும். டிவிடி டிரைவே இல்லாத கணினியில் இப்படிக் கேட்டால் யாருக்கும் குழப்பம் வரும். அந்தச் செய்தி சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். நிறுவும் சூழல் தன் கோப்புகளைத் தேடுகிறது. அவை இருப்பதோ பென்டிரைவில். பென்டிரைவ் செருகியிருப்பதோ அதற்குத் தெரியாத கண்ட்ரோலரில். கீபோர்டு செத்ததும் இந்தச் செய்தி வந்ததும் ஒரே காரணத்தால். பயாஸ் வரைக்கும் போர்டே யுஎஸ்பியைப் பார்த்துக்கொண்டது. விண்டோஸ் கைக்கு வந்ததும் டிரைவர் தேவைப்படுகிறது, அது அந்த டிஸ்க்கில் இல்லை. 100 வரிசைக்கு முன்பு வந்த சிப்செட்களில் ஈஎச்சிஐ என்ற யுஎஸ்பி 2 கண்ட்ரோலரும் கூடவே இருந்தது. அதனால்தான் பழைய போர்டில் கறுப்பு நிற யுஎஸ்பி துளைக்கு மாற்றினால் வேலை நடந்தது. ஸ்கைலேக்கில் ஈஎச்சிஐ-யை எடுத்துவிட்டார்கள். துளை கறுப்பாக இருந்தாலும் உள்ளே இருப்பது எக்ஸ்எச்சிஐ என்ற யுஎஸ்பி 3 கண்ட்ரோலர் மட்டும்தான்.

இதற்காகப் போர்டு நிறுவனங்களே சிறு கருவிகள் தந்தன. கிகாபைட்டின் விண்டோஸ் யுஎஸ்பி இன்ஸ்டாலேஷன் டூல், அஸ்ராக்கின் பேட்சர், ஏசுஸின் ஈஸி இன்ஸ்டாலர் எல்லாமே பென்டிரைவில் உள்ள நிறுவும் சூழலுக்குள் யுஎஸ்பி டிரைவரைச் செருகுபவைதான். உங்கள் போர்டுக்கு இது இருந்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் நான் சொல்லப்போகும் வழி எந்தப் போர்டுக்கும் பொருந்தும், நடுவில் எங்கே நின்றாலும் திரும்பிப் போய்த் திருத்தலாம். விண்டோஸ் 7-இன் நிறுவும் சூழலையே ஒதுக்கிவிட்டு, விண்டோஸ் 10 பென்டிரைவில் பூட் செய்து, அங்கிருந்து 7-ஐ வட்டில் விரிப்பதுதான் அது. 10-இன் சூழலுக்கு யுஎஸ்பி 3-உம் தெரியும், என்விஎம்இ-யும் தெரியும்.

பயாஸில் செக்யூர் பூட்டை அணையுங்கள். சில போர்டுகளில் அணைக்கும் வசதி இருக்காது, ஓஎஸ் வகையை “அதர் ஓஎஸ்” என்று மாற்றினால் போதும். சிஎஸ்எம்-ஐ இயக்குங்கள். ஃபாஸ்ட் பூட்டை அணையுங்கள். சாட்டா முறை ஏஎச்சிஐ-யில் இருக்கட்டும். அதற்கான டிரைவர் 7-இலேயே இருக்கிறது. ரெய்டு அல்லது ஆப்டேன் முறையில் விட்டுவிட்டால் முதல் பூட்டிலேயே நீலத்திரை வரும். “போர்ட் 60/64 எமுலேஷன்” என்று ஒன்று இருந்தால் அதையும் இயக்கிவிடுங்கள். யுஎஸ்பி கீபோர்டை பிஎஸ்2 கீபோர்டு போலக் காட்டும்.

விண்டோஸ் 10 பென்டிரைவ் ஒன்று தயார் செய்யுங்கள். இரண்டாவது பென்டிரைவை என்டிஎஃப்எஸ்-இல் ஃபார்மட் செய்து அதில் 7 ஐஎஸ்ஓவின் சோர்சஸ் ஃபோல்டரில் உள்ள, விண்டோஸ் முழுவதும் சுருங்கியிருக்கும் இன்ஸ்டால் விம் கோப்பு, டிரைவர் ஃபோல்டர், அப்டேட் ஃபோல்டர் மூன்றையும் வையுங்கள். டிரைவர் என்றால் செட்டப் ஈஎக்ஸ்ஈ அல்ல. அதை 7-ஜிப்பில் விரித்து, உள்ளே உள்ள ஐஎன்எஃப், சிஸ், கேட் கோப்புகள் வேண்டும். இன்டெல் யுஎஸ்பி 3 தொகுப்பில் 100 வரிசைக்கு 5-இல் தொடங்கும் பதிப்பை எடுங்கள். அதில் கண்ட்ரோலருக்கு ஒரு ஐஎன்எஃப், ஹப்புக்கு இன்னொரு ஐஎன்எஃப் இருக்கும். இரண்டும் வேண்டும். கண்ட்ரோலரை மட்டும் போட்டால் கீபோர்டு அப்படியே செத்துக்கிடக்கும்.

10 பென்டிரைவில் பூட் செய்து முதல் திரையில் ஷிஃப்ட்டும் எஃப்10-உம் சேர்த்து அழுத்தினால் கட்டளைச் சாளரம் வரும். வட்டைப் பிரிக்கும் டிஸ்க்பார்ட் கருவியைத் திறந்து வட்டுகளைப் பட்டியலிட்டு, அளவைப் பார்த்துச் சரியான வட்டைத் தேர்ந்தெடுங்கள். இங்கே தவறு செய்தால் தகவல் போய்விடும். பிறகு வட்டைத் துடைக்கும் கிளீன் கட்டளை. யுஇஎஃப்ஐ என்றால் ஜிபிடி என்ற புதிய பகிர்வு அமைப்புக்கு மாற்றி, 100 எம்பி ஈஎஃப்ஐ பகிர்வு ஒன்றை ஃபேட்32-இலும், விண்டோஸ் தனக்கு ஒதுக்கிக்கொள்ளும் 128 எம்பி எம்எஸ்ஆர் பகிர்வு ஒன்றையும், மீதியை என்டிஎஃப்எஸ்-இலும் உருவாக்குங்கள். ஈஎஃப்ஐ பகிர்வுக்கு எஸ் என்றும், பெரியதற்கு டபிள்யூ என்றும் எழுத்து கொடுத்துக்கொண்டால் குழப்பம் வராது. பழைய முறை என்றால் எம்பிஆரில் ஒரே பகிர்வு போதும், அதை ஆக்டிவ் ஆக்க மறக்காதீர்கள்.

அடுத்து டிஸ்ம் கருவியின் அப்ளை-இமேஜ் கட்டளையால் இன்ஸ்டால் விம்மை டபிள்யூவில் விரியுங்கள். எல்லாப் பதிப்பும் அடங்கிய 64 பிட் டிஸ்க்கில் இண்டெக்ஸ் 1 ஹோம் பேசிக், 2 ஹோம் பிரீமியம், 3 புரொஃபஷனல், 4 அல்டிமேட். சந்தேகம் இருந்தால் கெட்-விம்இன்ஃபோ கொடுத்துப் பார்த்துவிடுங்கள். விரித்து முடித்ததும் அதே இமேஜுக்கு ஆட்-டிரைவர் கட்டளையை ரிகர்ஸ் சேர்த்துக் கொடுத்தால் டிரைவர் ஃபோல்டரில் உள்ள எல்லாம் உள்ளே போய்விடும். பிறகு ஆட்-பேக்கேஜ் கொண்டு அப்டேட்டுகள். இந்தச் சூழலில் தற்காலிக இடம் மிகக் குறைவு என்பதால் ஸ்க்ராட்ச்-டைர் என்று டபிள்யூவிலேயே ஒரு ஃபோல்டரைக் காட்டுங்கள். காட்டாவிட்டால் பெரிய அப்டேட் பாதியில் இடமில்லை என்று நின்றுவிடும். கடைசியில் பிசிடிபூட் கட்டளையால், யுஇஎஃப்ஐ-யா பயாஸா என்று குறிப்பிட்டு, பூட் கோப்புகளை எழுதுங்கள்.

அப்டேட்டுகளில் வரிசை முக்கியம். முதலில் கேபி4490628 (கேபி என்று தொடங்குபவை மைக்ரோசாஃப்ட் அப்டேட்டுகளின் எண்கள்). அது அப்டேட் போடும் பகுதியையே புதுப்பிப்பது. அடுத்து கேபி4474419, எஸ்எச்ஏ-2 கையொப்பத்துக்கானது. இந்த இரண்டும் இல்லாமல் 2019-க்குப் பிறகு வந்த எதுவும் ஏறாது. என்விஎம்இ வட்டு என்றால் அதன் பிறகு கேபி2990941, கேபி3087873 இரண்டும். முதலாவது டிரைவரைத் தருகிறது, இரண்டாவது அதில் இருந்த நீலத்திரைக் கோளாறைத் தீர்க்கிறது. திருத்திய யுஎஸ்பி டிரைவர் எதையாவது போடுகிறீர்கள் என்றால் கேபி2685811-உம் தேவைப்படலாம். அது டிரைவர்கள் நம்பியிருக்கும் கேஎம்டிஎஃப் 1.11 என்ற அடித்தளம். ஆனால் கையொப்பமில்லாத டிரைவர்களைக் கட்டாயப்படுத்திச் செருகுவது கடைசி வழியாகவே இருக்கட்டும். 64 பிட்டில் ஒவ்வொரு பூட்டிலும் அது தகராறு செய்யும்.

இந்த முறையில் ஒரு கண்ணி உண்டு. அசல் இன்ஸ்டால் விம்மை நேரடியாக விரித்தால் விண்டோஸ் சி-யில் எழாமல் டி என்ற எழுத்தில் எழுந்துவிடுவது உண்டு. பழைய மென்பொருள்களில் சி என்று பாதை பதிந்திருக்கும் என்பதால் இது பின்னால் தொல்லை தரும். முதல் பூட்டுக்கு முன்பே ரெஜிஎடிட்டைத் திறந்து, டபிள்யூவில் விண்டோஸ், சிஸ்டம்32, கான்ஃபிக் ஃபோல்டருக்குள் உள்ள சிஸ்டம் கோப்பை ஹைவாக (ரெஜிஸ்ட்ரியின் ஒரு பகுதியாக) ஏற்றி, மவுண்டட்டிவைசஸ் கீயில் உள்ள மதிப்புகளை அழித்துவிட்டு, ஹைவை இறக்கிவிடுங்கள். சி-யிலேயே எழும்.

இப்போது முதல் பூட். இங்கே எங்கே நிற்கிறது என்று கவனமாகப் பாருங்கள்.

“ஸ்டார்ட்டிங் விண்டோஸ்” என்று வந்து, நான்கு நிற ஒளி ஒன்றுசேராமல் அப்படியே உறைந்தால், அது டிரைவர் பிரச்சினை அல்ல. விண்டோஸ் 7 யுஇஎஃப்ஐ-யில் பூட் ஆனாலும் திரைக்கு மட்டும் இன்ட்10எச் என்ற பழைய விஜிஏ அழைப்பையே நம்பியிருக்கிறது. சிஎஸ்எம் இருந்தால் அது கிடைக்கும், இல்லாவிட்டால் உறைந்துவிடும். சிஎஸ்எம் போடவே முடியாத போர்டுக்கு யுஇஎஃப்ஐசெவன் என்ற திறமூலக் கருவி இருக்கிறது. ஈஎஃப்ஐ பகிர்வில் உள்ள பூட்எம்ஜிஎஃப்டபிள்யூ கோப்பின் பெயரில் நடுவே ஒரிஜினல் என்று சேர்த்துவிட்டு, இந்தக் கருவியின் கோப்புக்கு அந்தப் பழைய பெயரை வைக்க வேண்டும். அது முதலில் ஓடி அந்த அழைப்பைப் போலியாக அமைத்துக் கொடுத்துவிட்டு, அசலை எழுப்பும்.

நீலத்திரையில் 7பி என்று முடியும் எண் வந்தால் வட்டின் டிரைவர் இல்லை: என்விஎம்இ அப்டேட் ஏறவில்லை, அல்லது சாட்டா முறை ரெய்டில் இருக்கிறது. ஏ5 வந்தால், போர்டு தன் வன்பொருளை விண்டோஸுக்கு விவரிக்கும் ஏசிபிஐ அட்டவணை 7-க்குப் புரியவில்லை. பயாஸை அப்டேட் செய்து பாருங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் அந்தப் போர்டை விட்டுவிடுவதே நல்லது. கறுப்புத் திரையில் சி0000428 வந்தால் ஏதோ ஒரு பூட் டிரைவரின் கையொப்பத்தை அது ஏற்கவில்லை. கேபி4474419 சரியாக ஏறியதா என்று பாருங்கள். பெயர் கேட்கும் திரை வரை வந்து கீபோர்டு மட்டும் வேலை செய்யவில்லை என்றால் யுஎஸ்பி டிரைவர்தான். இவற்றில் எது வந்தாலும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டாம். 10 பென்டிரைவில் பூட் செய்து, விடுபட்டதை மட்டும் டபிள்யூவில் சேர்த்துவிட்டு மறுபடி பூட் செய்யுங்கள். இந்த வழியை நான் விரும்புவது இதனால்தான்.

டெஸ்க்டாப் வந்ததும் சிப்செட், கிராபிக்ஸ், ஆடியோ, லேன் என்ற வரிசையில் டிரைவர் போடுங்கள். டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணத்தோடு கோட் 52 என்று இருந்தால், டிரைவர் எஸ்எச்ஏ-2-இல் மட்டும் கையொப்பமிடப்பட்டது, அப்டேட் ஏறவில்லை என்று பொருள். அப்டேட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம். 2016 வரையிலானவை கேபி3125574-இல் மொத்தமாக இருக்கின்றன, அதற்கு முன் கேபி3020369 போட வேண்டும்.

பாதுகாப்பில் அசட்டை வேண்டாம். பொது ஆதரவு 2020 ஜனவரி 14-இல் முடிந்தது. கட்டணம் கட்டி வாங்கிய நீட்டிப்பும் 2023 ஜனவரியோடு போனது. குரோம் 109-இல் நின்றுவிட்டது. இந்தக் கணினி இயந்திரத்துக்கு மட்டும் என்றால் இணையத்தோடு இணைக்கவே வேண்டாம். கோப்பு பரிமாற உள் நெட்வொர்க் தேவை என்றால் குறைந்தது கேபி4012212, கேபி4499175 இரண்டும் போட்டாக வேண்டும். முதலாவது 2017-இல் வானாக்ரை என்ற கெடுநிரல் புகுந்த, எஸ்எம்பி என்ற கோப்புப் பகிர்வு முறையின் ஓட்டையை அடைப்பது. இரண்டாவது 2019-இல் வெளிப்பட்ட ரிமோட் டெஸ்க்டாப் ஓட்டையை அடைப்பது. ரிமோட் டெஸ்க்டாப்பை எப்படியும் அணைத்தே வையுங்கள்.

இயந்திரம் சீரியல் அல்லது பேரலல் வழியாகப் பேசுகிறது என்றால் இன்னும் ஒரு வேலை. பல எச்110 போர்டுகளில் பின்புறம் துளை இல்லாவிட்டாலும், போர்டின் மேல் காம் என்றோ எல்பிடி என்றோ எழுதிய ஊசி வரிசை இருக்கும்; அதற்கான பட்டைக் கேபிளை வாங்கிச் செருகினால் அசல் போர்ட்டே கிடைத்துவிடும். கேபிளின் ஊசி அமைப்பு போர்டுக்குப் போர்டு மாறும், கையேட்டோடு ஒப்பிட்டு வாங்குங்கள். பிசிஐ எக்ஸ்பிரஸ் பேரலல் கார்டு போட்டால் அது 378 என்ற பழைய முகவரியில் உட்காராது. முகவரியைத் தன்னுள் பதித்து வைத்திருக்கும் பழைய மென்பொருள் அதைப் பார்க்காமலே போய்விடும். யுஎஸ்பி மாற்றிகளில் தாமதம் சேர்ந்துவிடுவதால், துல்லியமான நேரத்தில் துடிப்பு அனுப்பும் இயந்திரங்களுக்கு அவை ஆகாது.

எல்லாம் ஓடி, இயந்திரமும் ஒரு முழு நாள் ஒழுங்காக வேலை செய்த பிறகு, மறுபடி 10 பென்டிரைவில் பூட் செய்து டிஸ்மின் கேப்ச்சர்-இமேஜ் கட்டளையால் மொத்தப் பகிர்வையும் ஒரு விம் கோப்பாக வெளி ஹார்டுடிஸ்க்கில் எடுத்து வையுங்கள். எஸ்எஸ்டி செத்தால் அந்த விம்மை விரித்து பிசிடிபூட் கொடுத்தால் போதும். டிரைவர் ஃபோல்டர், அப்டேட் ஃபோல்டர், பயாஸ் அமைப்புகளைப் பிடித்த நாலு புகைப்படம், போர்டின் மாடல் எண்ணும் பதிப்பு எண்ணும் எழுதிய ஒரு தாள் எல்லாம் அந்த ஹார்டுடிஸ்க்கோடு ஒரே உறையில் இருக்கட்டும். பயாஸ் பேட்டரி தீர்ந்து அமைப்புகள் பழைய நிலைக்குப் போகும் நாளில் சிஎஸ்எம் தானாக அணைந்து, கணினி லோகோவில் உறைந்து நிற்கலாம்; அன்று முதலில் தேவைப்படுவது அந்தப் புகைப்படங்கள்தான்.